பட்டிங் பழகலாம்: கட்டுகஸ்தோட்டையிலிருந்து கோல்ஃப் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

திகனவை அடுத்த ராஜவெலவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி விரிந்து கிடக்கிறது விக்டோரியா கோல்ஃப் மைதானம். அதன் பார் 73. பதினெட்டுக் குழிகளையும் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் 73 ஷாட்டில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. பார் நிர்ணயிக்கும்போது ஒவ்வொரு குழிக்கும் கிரீனில் இரண்டு பட் (பந்தைக் குழி நோக்கி உருட்டும் அடி) என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 36 ஷாட், ஏறத்தாழ ஆட்டத்தின் சரிபாதி, குழியைச் சுற்றியுள்ள அந்த ஒட்ட வெட்டிய புல்தரையில்தான் நடக்கிறது.

இருந்தும் புதிதாக வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைத்தான். பந்து நக்கிள்ஸ் மலைப் பக்கமாகப் பறப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் 200 யார் பறந்த டிரைவும், குழியின் விளிம்பிலிருந்து தட்டிவிடும் அரை அடி பட்டும் ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு ஷாட்தான்.

கண்டிப் பகுதியிலிருந்து இந்த விளையாட்டைத் தொடங்குகிறவர் குழியிலிருந்து பின்னோக்கிப் பழகி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டுகஸ்தோட்டையில் கோல்ஃப் மைதானம் இல்லை. டிரைவர் பழக ராஜவெலவுக்குப் போயே ஆக வேண்டும். பட்டிங்குக்கு வீட்டுத் தரை போதும். உடல் பலம் வேண்டாம், வயதும் தடையில்லை. பத்து வயதுப் பிள்ளையும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் சமமாக நின்று போட்டி போடக்கூடிய இடம் கிரீன்.

இது நமக்கு எட்டாத விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் 1879 இலும் நுவரெலியாவில் 1889 இலும் கோல்ஃப் கழகங்கள் தொடங்கியபோது இது வெள்ளைக்காரத் துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது உண்மை. இன்று நிலைமை வேறு. 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த வெள்ளிப் பதக்கம் கோல்ஃபில் அனுர ரோஹண வென்றது. இந்தியாவின் பிஜிடிஐ தொழில்முறைப் போட்டிகளில் மிதுன் பெரேராவோடு ஆடிய மற்ற இலங்கையர்களில் இருவரின் பெயர்கள் தங்கராஜா, பிரபாகரன். தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இனிப் பாடத்துக்கு வருவோம். எல்லாம் வலது கைக்காரருக்காக எழுதியது. இடது கைக்காரர் பக்கத்தை மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

முதல் படி: உங்களுக்கேற்ற பட்டர்

முழு செட் வாங்காதீர்கள். பட் அடிக்கும் மட்டையான பட்டர் ஒன்றும் மூன்று பந்துகளும் போதும். பாவித்த பட்டர் தாராளமாகப் போதும். பறக்கவிடும் மட்டைகளைப் போல இது அடி வாங்கித் தேய்வதில்லை. கைப்பிடி ரப்பர் மட்டும் வழுவழுப்பாகிப் போயிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குல நீளம். இடுப்பிலிருந்து சற்றுக் குனிந்து, கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். உள்ளங்கைகள் சேரும் இடத்தில் பட்டரின் பிடி இருந்தால் அளவு சரி. முழங்கை விலாவுக்குப் பின்னால் தள்ளிப்போனால் பட்டர் நீளம் கூடியது. உயரம் குறைந்தவர்களும் பிள்ளைகளும் நீளமான பட்டரை அப்படியே பாவிப்பதுதான் நான் அடிக்கடி காணும் குறை. தண்டை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தலை இரண்டு வகை: ஒல்லியான பிளேட், அகன்ற மாலட். வாங்குமுன் தண்டை ஒரு விரலின் மேல் படுக்க வைத்துச் சமநிலைப்படுத்திப் பாருங்கள். பந்தைத் தொடும் முகம் வானத்தைப் பார்த்து நின்றால், முன்னும் பின்னும் நேராக வீசுகிறவருக்கு அது பொருந்தும். தலையின் நுனிப் பக்கம் கீழே தொங்கினால், இலேசாக வளைத்து வீசுகிறவருக்கு நல்லது. எது உங்கள் வீச்சு என்று இப்போது தெரிய நியாயமில்லை. ஆகவே புதியவருக்கு மாலட்டையே சொல்வேன். பந்து முகத்தின் நடுவிலிருந்து சற்று விலகிப் பட்டாலும் அதன் தலை அவ்வளவாகத் திரும்பாது.

இரண்டாம் படி: பிடி

இந்த ஊருக்கு இந்தப் பகுதி கொஞ்சம் விரிவாகவே வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பிள்ளைகளின் கை கிரிக்கெட்டில் பழகிய கை. முத்தையா முரளிதரன் படித்த புனித அந்தோனியார் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அவருக்கு 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அள்ளித் தந்தது மணிக்கட்டு. பட்டிங்கிலோ மணிக்கட்டு வேலை செய்யவே கூடாது. துடுப்பைப் பிடிப்பதுபோல் பட்டரைப் பிடித்தால், கீழே இருக்கும் வலது கை தன் பழக்கத்தில் பந்தைத் தட்டப் பார்க்கும். முகம் மூடிக்கொள்ளும், பந்து இடது பக்கம் ஓடும். கிரிக்கெட்டில் நேரான டிரைவுக்கு மேற்கை வழிகாட்ட வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருப்பார் அல்லவா? அந்த ஒரு பாடத்தை மட்டும் இங்கே எடுத்து வாருங்கள்.

பிடியை இப்படிக் கட்டுங்கள்.

முதலில் இடது கை. மற்ற மட்டைகளை விரல்களில் பிடிப்போம். பட்டரை உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். ஆயுள் ரேகை ஓடும் வழியே, கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ப்பக்க மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், பட்டரின் பிடி படுக்கட்டும். அப்போது தண்டும் முன்கையும் ஒரே கோட்டில் வரும், மணிக்கட்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். பட்டரின் பிடி முன்புறத்தில் தட்டையாக இருக்கிறதே, அது கட்டைவிரலுக்காகத்தான். கட்டைவிரலை அதன்மேல் நேராகக் கீழ்நோக்கி வையுங்கள்.

அடுத்து வலது கை. இடது கைக்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி வாருங்கள். வலது கட்டைவிரலும் அந்தத் தட்டைப் பகுதியில்தான். இப்போது வலது உள்ளங்கை பார்க்கும் திசையும் பட்டரின் முகம் பார்க்கும் திசையும் ஒன்று. கையை எங்கே திருப்பினாலும் முகம் அங்கே திரும்பும். இதை நாலைந்து தரம் செய்து பார்த்து உணருங்கள்.

கடைசியாக, இடது ஆள்காட்டி விரலைப் பிடியிலிருந்து எடுத்து, வலது கை விரல்களின் மேல் நீட்டி வையுங்கள். இரண்டு கைகளும் ஒன்றாகிவிடும். தொழில்முறை ஆட்டக்காரரிடையே நெடுங்காலமாகப் பரவலாக இருக்கும் தலைகீழ் ஓவர்லாப் பிடி இதுதான்.

எவ்வளவு இறுக்கம்? முழுப் பலத்தோடு பிடிப்பதைப் பத்து என்று வைத்தால், மூன்று அல்லது நான்கு. நகம் வெளுக்கிறதா, முன்கைத் தசை புடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கூடாது. ஆரம்பத்திலிருந்து முடியும்வரை இறுக்கம் மாறாமல் இருப்பது அதைவிட முக்கியம். பந்தைத் தொடும் நொடியில் கை இறுகினால் முகம் திரும்பிவிடும்.

வலது கை அடங்கவே மாட்டேன் என்றால் வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடது கையைக் கீழும் வலது கையை மேலும் வைப்பது; ஜோர்டன் ஸ்பீத் அப்படித்தான் பட் செய்கிறார். தோள்கள் சமமாக நிற்கும், இடது மணிக்கட்டு மடியாது. மற்றது, வலது கையின் கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் இடையில் தண்டைக் கவ்வும் நண்டுப் பிடி. கிரிக்கெட் ஆடியவர்கள் இடது கை கீழே வரும் பிடியை ஒரு மாதம் பழகிப் பார்க்கட்டும். முதல் வாரம் கோணலாகத்தான் இருக்கும். நாளுக்கொரு பிடியாக மாற்றிக்கொண்டே இருப்பது மட்டும் வேண்டாம்.

மூன்றாம் படி: நிற்கும் நிலை

கால்களுக்கிடையே தோள் அகலமோ சற்றுக் குறைவோ இடம் விடுங்கள். எடை இரண்டு கால்களிலும் சமமாக. முழங்கால் இலேசாகத் தளர்ந்து, குனிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். பந்து நடுவிலிருந்து இடது பக்கம் ஒரு பந்தளவு தள்ளி. பட்டரின் முகத்தில் மூன்று, நான்கு பாகைச் சாய்வு இருக்கும். பந்து அந்த இடத்தில் இருந்தால்தான் துள்ளாமல் உருண்டு போகும்.

கண்கள் பந்துக்கு நேர் மேலே, அல்லது ஓர் அங்குலம் உள்ளே. இதைச் சோதிக்க வீட்டில் எங்காவது கிடக்கும் ஒரு பழைய சிடி போதும். பளபளக்கும் பக்கம் மேலே வரும்படி தரையில் வைத்து, அதன் நடு ஓட்டையில் பந்தை இருத்துங்கள். நிலைக்கு வந்து கீழே பாருங்கள். உங்கள் கண்கள் பந்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தால் அதிகம் குனிந்திருக்கிறீர்கள். கால் பக்கமாகத் தெரிந்தால் பந்து தூரத்தில் இருக்கிறது. அந்தச் சிடியைப் பத்திரமாக வையுங்கள். இன்னொரு வேலை அதற்கு இருக்கிறது.

நான்காம் படி: வீச்சு

தோள்களும் கைகளும் பட்டரும் சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் போல ஒன்றாக அசைய வேண்டும். அசைவு தோளில் பிறக்கட்டும். இடுப்பும் கால்களும் அசையக் கூடாது. தலை கட்டாயம் அசையக் கூடாது.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொடும் நொடியில் முகம் பார்க்கும் திசைதான். வீச்சின் பாதைக்கு அதில் பங்கு குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். நடுவிலிருந்து விளிம்புக்கு 54. பத்து அடி தூரத்தில் முகம் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால், பந்து குழியை அடையும்போது 53 மில்லிமீற்றர் விலகியிருக்கும். அதாவது விளிம்பில்தான் வந்து நிற்கும். இரண்டு பாகை திரும்பினால் குழியைத் தொடவே தொடாது. பட்டிங்கில் பிடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

பின்னால் எடுப்பதற்கு ஆகும் நேரம், முன்னால் வந்து பந்தைத் தொட ஆகும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மனதுக்குள் "ஒன்று, இரண்டு" என்று பின்னால் எடுத்து, "மூன்று" என்னும்போது தொடுங்கள். ஐந்தடிக்கும் ஐம்பதடிக்கும் இந்தத் தாளம் மாறாது. தூரம் கூடக் கூட வீச்சின் நீளம் கூடும். வேகமாகக் குத்தித் தள்ளுவது கூடாது.

பந்தை அனுப்பிய பிறகு அது எங்கே போகிறது என்று உடனே நிமிர்ந்து பார்க்கத் தோன்றும். தலையோடு தோளும் திறந்துகொள்ளும், முகமும் கூடவே திரும்பும். நாலடிக்குள் என்றால் பந்து குழிக்குள் விழும் சத்தம் காதில் கேட்ட பிறகே நிமிருங்கள்.

ஐந்தாம் படி: வேகம்தான் பெரிது

புதியவர்கள் ஒரு கிரீனில் மூன்று பட் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் திசை தவறுவதில்லை. முப்பதடியிலிருந்து அடித்த பந்து பக்கவாட்டில் எட்டடி விலகுவது அபூர்வம். ஆனால் எட்டடி குறைவாக நிற்பதும், எட்டடி தாண்டி ஓடுவதும் நாளாந்தம் நடப்பது. எட்டடி என்பது விளையாட்டுத் தூரமும் இல்லை. உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்திலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். முதல் பட்டை ஓரடிக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு எட்டடிப் பட் தேவைப்படாது.

நாசாவில் ஆய்வாளராக இருந்து பின்னர் கோல்ஃப் பயிற்றுநரான டேவ் பெல்ஸ், குழி தவறினால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே சிறந்தது என்று சொல்லி வந்தார். குழியை அடையாத பந்து விழப்போவதில்லை. மிக வேகமாக வரும் பந்து நடுவில் வந்தால் மட்டுமே விழும். மெதுவாக வரும் பந்துக்குக் குழியின் அகலம் முழுவதும் பயன்படும். புதியவர்கள் 17 அங்குலத்தை அளந்துகொண்டு நிற்க வேண்டாம். ஒரு பட்டர் தண்டின் பாதி நீளம் என்று மனதில் வைத்தால் போதும். இருபதடிக்கு மேலே இருந்தால் இதையும் மறந்துவிடுங்கள். குழியைச் சுற்றி மூன்றடி ஆரத்தில் ஒரு வட்டம் இருப்பதாக எண்ணி, அதற்குள் பந்தை நிறுத்தப் பாருங்கள்.

ஒவ்வொரு கிரீனின் வேகமும் வேறு. அதை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935 இல் ஒரு கருவியை உருவாக்கினார். சரிவான தண்டொன்றிலிருந்து பந்தை உருளவிட்டு, தரையில் எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அது. நம் மலைநாட்டில் ஒரே கிரீன் ஒரே நாளில் வேகம் மாறும். காலைப் பனியில் மெதுவாக ஓடும், பதினொரு மணி வெயிலில் வேகமெடுக்கும், பின்னேர மழைக்குப் பிறகு மீண்டும் மந்தமாகும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் பயிற்சிக் கிரீனில் பத்து நிமிடம் நீண்ட பட்டுகளை அடித்துப் பாருங்கள். குழியைப் பார்க்காமல் புல் விளிம்பைப் பார்த்து அடித்தால், வேகம் மட்டும் கைக்குள் வரும்.

ஆறாம் படி: தரையை வாசித்தல்

கிரீனுக்கு நடந்து வரும்போதே வாசிப்பு தொடங்கிவிட வேண்டும். இருபது, முப்பது யார் தூரத்திலிருந்து பார்த்தால்தான் கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பந்தின் மேல் நின்றபின் அது தெரியாது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கமாக வடியும் என்று உங்களையே கேளுங்கள்.

மலைச்சரிவில் அமைந்த மைதானங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதைவிடக் குறைவாகச் சாய்ந்த கிரீன் கண்ணுக்குச் சமதரையாக, சில வேளை எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகவே தெரியும். ராஜவெலவிலும் நுவரெலியாவிலும் புதியவர் இதில் ஏமாறுவார். கண்ணை நம்பாமல் காலை நம்புங்கள். பந்துக்கும் குழிக்கும் இடையில் நடுவழியில், கோட்டை மிதிக்காமல் ஒரு பக்கமாக நின்று, இரண்டு பாதங்களில் எதில் எடை கூடுகிறது என்று உணருங்கள். மட்டைப் பை சுமக்கும் கெடி கூட வந்தால் அவரைக் கேளுங்கள். அந்தக் கிரீனில் அவர் பார்த்த பட்டுகளின் எண்ணிக்கை உங்கள் ஆயுள் முழுக்க நீங்கள் அடிக்கப்போவதைவிட அதிகமாக இருக்கும்.

வெப்பநாட்டுப் புல்லில் படிவு என்று ஒன்றும் உண்டு. பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகப் படிந்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளப்பாகத் தெரிந்தால் படிவு உங்களைவிட்டு விலகிப் போகிறது, பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ப்படிவு. கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும். குழியின் விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் பிய்ந்தும் இருந்தால், பிய்ந்த பக்கத்தை நோக்கியே புல் படிந்திருக்கிறது.

சாய்வைக் கண்டபின் குழியை மறந்துவிட்டு, பந்து வளையத் தொடங்கும் இடத்தைக் குறியாக எடுத்து அங்கே நேராக அடியுங்கள். புதியவர்கள் அனேகமாக எல்லாருமே சாய்வைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நீங்கள் நினைத்ததற்கு மேல் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

காலையில் முதல் ஆளாகப் போகிறவருக்கு ஒரு நல்ல பாடம் இலவசமாகக் கிடைக்கும். பனி படிந்த கிரீனில் பந்து உருண்டால் வெள்ளைப் பூச்சைக் கீறிக்கொண்டு ஒரு கருங்கோடு விழும். நேராகக் கிளம்பியது எங்கே, வளையத் தொடங்கியது எங்கே, வேகம் செத்தபின் எவ்வளவு கூடுதலாக வளைந்தது, எல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். சரிவான பட்டின் கடைசி மூன்றடியில்தான் வளைவு அதிகம் என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக அது காட்டும்.

ஏழாம் படி: வீட்டுத் தரையில் பயிற்சி

கண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை பட்டிங் பழகத் தோதானது. மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் பந்து எந்தக் கிரீனையும்விட வேகமாக ஓடும். சின்னப் பிழையும் உடனே வெளியே தெரியும். வேகம் பழக அது உதவாது, திசை பழக நன்றாக உதவும். பன்பாய் வேண்டாம்; அதன் பின்னல் பந்தை இழுத்துச் செல்லும். மூன்று மீற்றர் நீளமான மெல்லிய கம்பளத் துண்டு கிடைத்தால் நல்லது.

முதலில் தரையைச் சோதியுங்கள். முற்றப் பக்கமாக நீர் வடிவதற்கென்று சற்றுச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். பந்தை இரண்டு பக்கமிருந்தும் மெதுவாக உருட்டிப் பார்த்து, நேராக ஓடும் ஒரு கோட்டைக் கண்டுபிடியுங்கள். சீமெந்தில் போட்ட நேர்க்கோடு இருந்தால் இன்னும் நல்லது.

இனி அந்தச் சிடி. அதன் விட்டம் 12 செ.மீ, குழி 10.8 செ.மீ. இரண்டடி தூரத்தில் வைத்து, பந்து அதன் மேலே ஓடும்படி பத்துத் தரம் அடியுங்கள். பத்தும் ஓடினால் மூன்றடி. பிறகு நாலடி. எட்டுக்குக் குறைந்தால் முந்திய தூரத்துக்குத் திரும்பி வாருங்கள். நாலடியில் எளிதாகி வந்ததும் சிடியை எடுத்துவிட்டு ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வையுங்கள். அந்தக் குற்றியில் அடித்துப் பழகியவருக்கு மைதானத்தின் குழி மிகப் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது, வாசல் பயிற்சி. பட்டர் தலையின் இரு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்துங்கள். அவற்றைத் தட்டாமல் பட்டர் நடுவே போய் வர வேண்டும். தட்டினால் வீச்சு கோணுகிறது, அல்லது பந்து முகத்தின் ஓரத்தில் படுகிறது. டைகர் வுட்ஸ் ஆட்டத்துக்கு முன், பந்தை ஏற்றி வைக்கும் டீ ஆணிகளை நட்டு இதைத்தான் செய்வார், அதிலும் பல தரம் வலது கையால் மட்டும். நாங்கள் இரண்டு கையாலும் செய்வோம்.

மூன்றாவதற்குப் பந்தே வேண்டாம். கண்ணாடி முன் நின்று பிடியைக் கட்டி, கலைத்து, மீண்டும் கட்டுங்கள். தேநீர் கொதிக்கும் நேரம் போதும். பிடி பழக்கமாவது இப்படித்தான்.

மொத்தம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் முறிந்து பழகுவதைவிட இது பலன் தரும். ஒரே இடத்தில் குனிந்தபடி நின்றால் முதுகும் பிடித்துக்கொள்ளும். கீழ் வீட்டில் ஆள் குடியிருந்தால் இரவில் மட்டும் வேண்டாம்.

எட்டாம் படி: மைதானத்தில் பயிற்சி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிப் பக்கம் வந்து, மஹியங்கனை வீதியில் தென்னக்கும்புர, குண்டசாலை வழியாகத் திகனவுக்குப் போகலாம். பயிற்சிக் கிரீனைப் பாவிக்கலாமா, கட்டணம் எவ்வளவு, போட்டி ஏதும் நடக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மட்டமான அடியுள்ள சப்பாத்தும் கொலர் வைத்த சட்டையும் அணிந்து போவது வழக்கம்.

கிரீனில் கிடைக்கும் நேரத்தை வேகத்துக்கே செலவிடுங்கள். திசையை வீட்டில் பழகியாயிற்று. பத்து, இருபது, முப்பது, நாற்பது அடிகளில் டீ ஆணி நட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து வீதம் ஏறுவரிசையில் அடியுங்கள், பிறகு இறங்குவரிசையில். ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் பயனில்லை. ஆட்டத்தில் இரண்டாம் வாய்ப்பு யாரும் தர மாட்டார்கள். ஏறு சரிவிலும் இறங்கு சரிவிலும் அடித்துப் பாருங்கள். இறக்கத்தில் பந்து எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கண்டு முதல் நாளில் எல்லாரும் அதிர்ந்துபோவார்கள்.

முடிக்கும்போது குழியைச் சுற்றிக் கடிகாரத்தின் 12, 3, 6, 9 ஆகிய நான்கு திசைகளிலும் மூன்றடியில் பந்துகளை வையுங்கள். நான்கையும் தொடர்ச்சியாகப் போட்ட பிறகே வீட்டுக்குக் கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது பந்தில் வரும் சின்னப் பதற்றம்தான் போட்டியிலும் வரும்.

கிரீனில் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

பந்தை எடுப்பதற்குமுன் அதன் பின்னால் ஒரு நாணயத்தை வைத்து அடையாளமிடுங்கள். துடைத்து, அதே இடத்தில் வைக்க வேண்டும். 2019 இலிருந்து கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுவிட்டும் பட் செய்யலாம். நீண்ட பட்டுகளில் அது நல்லதும்கூட. அதே ஆண்டிலிருந்து சப்பாத்து ஆணித் தடங்களைச் சரிசெய்யவும் அனுமதி உண்டு. கிரீனில் தற்செயலாக உங்கள் பந்து அசைந்துவிட்டால் தண்டனை இல்லை, திரும்ப வைத்தால் போதும். பட்டரின் நுனியை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடிப்பது 2016 முதல் தடை. பந்தின் கோட்டை இரண்டு காலுக்கும் நடுவே வைத்து நின்று அடிக்கவும் முடியாது.

மற்றவரின் கோட்டை மிதிக்காதீர்கள், உங்கள் நிழலும் அதில் விழக் கூடாது. உங்கள் முறை வந்தால் 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று விதிநூலே பரிந்துரைக்கிறது.

முதல் மூன்று மாதங்கள்

முதல் மாதம் பிடியும் நிலையும் மட்டும், வீட்டில். இரண்டாம் மாதம் சிடியும் தீப்பெட்டியும். முடிந்தால் ஒரு முறை மைதானத்துக்குப் போய் வாருங்கள். மூன்றாம் மாதம் இரண்டு வாரத்துக்கொரு தரம் மைதானம். ஒரு சிறு கொப்பியில் எத்தனை கிரீனில் மூன்று பட் ஆயிற்று என்பதை மட்டும் எழுதி வையுங்கள். மொத்த ஸ்கோரைப் பார்த்து மனம் தளராதீர்கள். அது டிரைவரும் அயன் மட்டைகளும் சேர்ந்த கணக்கு. அவற்றைப் பழக இன்னும் காலம் இருக்கிறது. மூன்று பட் குறைந்து வருகிறதென்றால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் உயரத்துக்கு வெட்டிய ஒரு பட்டரைக் கொடுங்கள். மைதானத்துக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.